"இங்கே வழக்கம் இதுதான்": அரசு மருத்துவமனையில் மாற்றம் எங்கே நிற்கிறது, எப்போது நிலைக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் அரசு மருத்துவமனை வார்டில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்து, அப்புறம் நிர்வாகத்திலும் தரப் பிரிவிலும் வேலை பார்த்தவள் நான். புதிதாகப் பொறுப்பேற்கும் ஆர்.எம்.ஓ.க்கள் (நிலைய மருத்துவ அலுவலர்கள்), நர்சிங் சூப்பிரண்டண்டுகள், மருத்துவமனை நிர்வாகம் படிக்கும் பிள்ளைகள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றுக்கு நான் சொல்லிவந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

நிறுவனப் பண்பாடு என்கிறார்களே, அது என்ன?

புதிதாக வந்த நர்ஸுக்கு மூத்த சிஸ்டர் முதல் வாரத்தில் சொல்லிக்கொடுப்பதில் பாதி எந்தப் பாடத்திலும் இருக்காது. "சீஃப் (யூனிட்டின் தலைமை டாக்டர்) ரவுண்ட்ஸ் வரும்போது கேஸ் ஷீட் கையில் இருக்கணும்." "ஸ்டோர்ஸில் பத்து கேட்டால் ஆறுதான் வரும், இண்டென்ட்டில் (பொருள் கேட்கும் படிவத்தில்) பதினைந்து போடு." "கையெழுத்து இல்லாமல் எதையும் வாங்கி வைக்காதே." இதுதான் அந்த இடத்தின் பண்பாடு. யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லாரும் அதன்படிதான் நடக்கிறார்கள்.

எட்கர் ஷைன் என்ற அறிஞர் இதை மூன்று அடுக்காகப் பிரித்தார்: கண்ணுக்குத் தெரிவது, வாயால் சொல்வது, சொல்லாமலே நம்புவது. நம் மருத்துவமனையில் கண்ணுக்குத் தெரிவது சீருடையும் பதிவேடும் வரிசையும். வாயால் சொல்வது சுவரில் மாட்டிய "நோயாளியின் நலனே நம் நலன்" பலகை. சொல்லாமலே நம்புவது, "ஏதாவது ஆச்சுன்னா யாரைக் கேட்பாங்க?" என்ற கேள்வி. புதுத் திட்டம் எதுவானாலும் முதலில் மோதுவது இந்த மூன்றாவது அடுக்கில்தான். பயிற்சி வகுப்புகளோ பெரும்பாலும் இரண்டாவது அடுக்கோடு நின்றுவிடுகின்றன.

அரசு மருத்துவமனைக்கென்று தனியாக என்ன இருக்கிறது? எல்லா நிறுவனத்திலும் இது உண்டுதானே?

உண்டு. ஆனால் இங்கே வழக்கம் பழையது, ஏணிகள் பல. சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் பெரிய ஆஸ்பத்திரி 1664-இல் கோட்டைக்குள் கிழக்கிந்தியக் கம்பெனிப் படைவீரர்களுக்காகத் தொடங்கியது. இப்போதைய இடத்துக்கு 1772-இல் வந்தது. ரவுண்ட்ஸில் யார் எங்கே நிற்பது, யார் முதலில் பேசுவது என்பதில் ஒரு படைமுகாம் ஒழுங்கு இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பதாகவே எனக்குத் தோன்றும். அந்த ஒழுங்கு நெருக்கடியில் காப்பாற்றும். மற்ற நாளில் வாயைக் கட்டிப்போடும்.

அடுத்து, ஒரே நோயாளியைச் சுற்றி நான்கைந்து ஏணிகள். டீனிலிருந்து ஹவுஸ் சர்ஜன் வரை டாக்டர்களுக்கு ஒன்று; நர்ஸுகளுக்கு ஒன்று; மருந்தாளுநர், லேப், அலுவலகப் பணியாளர் என்று தனித்தனியாக; துப்புரவும் காவலும் ஒப்பந்தத்தில். ஒரு ஏணியில் மேலே இருப்பவர் சொன்னால் இன்னோர் ஏணியில் கீழே இருப்பவர் கேட்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இதற்கெல்லாம் மேலே மெமோ, அதாவது விளக்கம் கேட்டு வரும் நோட்டீஸ். ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் 17(ஏ), 17(பி) என்று இரண்டு எண்கள். சிறு தண்டனைக்கு ஒன்று, பெருந்தண்டனைக்கு ஒன்று. அரசு வேலையில் இருப்பவர்களுக்கு இந்த எண்களை விளக்க வேண்டியதில்லை. ஒரு 17(பி) நிலுவையில் இருந்தால் பதவி உயர்வு நிற்கும், ஓய்வூதியம் தள்ளிப்போகும். தனியார் மருத்துவமனையிலிருந்து வரும் ஆலோசகர்களுக்குப் புரியாமல் போவது பெரும்பாலும் இந்த ஒன்றுதான்.

ஊழியர்கள் மாற்றத்தை எதிர்க்கிறார்கள் என்பது உண்மையா?

"எதிர்க்கிறார்கள்" என்ற சொல்லையே நான் ஒத்துக்கொள்வதில்லை. ஒரு வார்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

வார்டை ஒழுங்குபடுத்தும் திட்டம் ஒன்று வந்தது. தேவையில்லாததைக் கழி, தேவையானதை வரிசையாக வை, பெயர் எழுதி ஒட்டு. நல்ல திட்டம். ஆய்வுக்கு வந்தவர்கள் ஓர் அலமாரியைத் திறந்தார்கள். உள்ளே கிழிந்த பெட்ஷீட்டுகள் மூட்டை மூட்டையாக, மருந்துக் கறையோடு, நாற்றம் வேறு. "இதையெல்லாம் ஏன் வைத்திருக்கிறீர்கள், சிஸ்டர்?" என்று கேட்டு, பிடிவாதம் என்று குறித்துக்கொண்டு போனார்கள். அந்த சிஸ்டருக்கு ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. ஸ்டாக் ரிஜிஸ்டரில் பெட்ஷீட் 120 என்று இருந்தால் அலமாரியிலும் 120 இருக்க வேண்டும், கிழிந்ததாக இருந்தாலும் சரி. கழிவு செய்யும் குழு வந்து பார்த்துக் கையெழுத்துப் போடும் வரை அந்தக் கந்தல்தான் அவருடைய பாதுகாப்பு. எண்ணிக்கை குறைந்தால் நிலுவை இல்லை என்ற சான்று கிடைக்காது. அந்தக் குழுவோ பல மாதமாக வரவே இல்லை.

அவர் செய்தது பிடிவாதமா? அவர் இடத்தில் நானும் மூட்டை கட்டித்தான் வைத்திருப்பேன். கடைசியில் அலமாரியைக் காலி செய்ய வேறு எதுவும் தேவைப்படவில்லை. கழிவுக் குழு கூடும் நாளை மாதத்தில் ஒரு நாளாக நிர்ணயித்தோம். இரண்டே முறையில் மூட்டைகள் போய்விட்டன. ஒழுங்கைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் நடத்தவில்லை.

மாற்றத்தை எதிர்க்கிறார் என்று ஒருவரைப் பற்றித் தோன்றினால், அவர் எதைக் காப்பாற்றிக்கொள்கிறார் என்று முதலில் கேளுங்கள்.

கணினி வந்த பிறகும் பதிவேடுகள் ஏன் குறையவில்லை?

காலை ஏழு மணிக்கு எந்த வார்டுக்கும் போய்ப் பாருங்கள். இரவு டியூட்டி சிஸ்டர் சென்சஸை, அதாவது வார்டில் உள்ள நோயாளிகளின் எண்ணிக்கையை, நீளப் பதிவேட்டில் எழுதுகிறார். அதையே கணினியில் ஏற்றுகிறார். அப்புறம் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மேலே அனுப்புகிறார். மூன்று முறை. அந்த நேரத்தில் ஒரு பாட்டி தண்ணீர் கேட்டால் "இதோ வரேம்மா" என்ற பதில்தான் கிடைக்கும்.

கணினி பழகவில்லை என்று இதற்குக் காரணம் சொல்வார்கள். அது உண்மையில்லை. அதே சிஸ்டர் கைபேசியில் மின் கட்டணம் கட்டுகிறார், ரயில் டிக்கெட் எடுக்கிறார். தணிக்கைக்கு வருபவர் பதிவேட்டைத்தான் கேட்பார், கணினி நின்றுபோனால் தன்னைத்தான் கேட்பார்கள் என்பதுதான் காரணம். புதியதைத் தொடங்க உத்தரவு வருகிறது. பழையதை நிறுத்த உத்தரவு வருவதில்லை. எந்த மாற்றத் திட்டத்தையும் நான் எடைபோடுவது இதை வைத்துத்தான்: எந்த வேலையை இது நிறுத்துகிறது, அந்த நிறுத்தத்தில் யார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்?

ஒரே ஒரு பதிவேட்டை நிறுத்த எங்களுக்கு நான்கு மாதம் ஆனது. தணிக்கைப் பிரிவுக்கு நகல் போட்டு, இன்ன தேதியோடு இந்தப் பதிவேடு மூடப்படுகிறது என்று தலைமையின் கையெழுத்தோடு சுற்றறிக்கை வாங்கினோம். பழைய பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் குறுக்குக் கோடு போட்டு, அந்தச் சுற்றறிக்கையை அங்கேயே ஒட்டினோம். அன்றைக்குத்தான் சிஸ்டர்கள் நம்பினார்கள்.

சரிபார்ப்புப் பட்டியல் கொடுத்தால் பிழைகள் குறையும் என்கிறார்கள். இங்கே ஏன் அது வெறும் காகிதமாகிவிடுகிறது?

இங்கே மட்டும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2008-இல் அறுவை சிகிச்சைக்கான 19 அம்சப் பட்டியலைக் கொண்டுவந்தது. டெல்லி உட்பட எட்டு நகரங்களில் சோதித்து 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். அறுவைக்குப் பிந்தைய இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்திருந்தது. அப்புறம் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகள் அதே பட்டியலைக் கொண்டுவந்தன. 2014-இல் வந்த ஆய்வில் 0.71 என்பது 0.65 ஆனது, அவ்வளவுதான். வித்தியாசம் என்று சொல்லும் அளவுக்கு ஒன்றும் இல்லை. அதே தாள், அதே கேள்விகள்.

இந்த இரண்டு முடிவுகளுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று அறிஞர்கள் நிறைய வாதித்தார்கள். என் பதில் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் கிடைத்தது. ஒரு நாள் மாலை, அன்றைய ஏழு கேஸ்களின் பட்டியல்களையும் எடுத்துப் பார்த்தேன். ஏழிலும் ஒரே பச்சை மை, ஒரே சாய்வில் டிக். ஒரு பி.ஜி. (மேற்படிப்பு) மாணவர் மாலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மொத்தமாக முடித்திருந்தார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? கத்தி வைப்பதற்கு முன் எல்லாரும் நின்று, பெயரைச் சொல்லி, எந்தப் பக்கம் அறுவை என்று உரக்கச் சொல்வதுதான் அந்தப் பட்டியலின் உயிர். மூத்த சர்ஜன் கையுறை மாட்டிக்கொண்டு நிற்கும்போது "சார், ஒரு நிமிஷம், பேஷன்ட் பேரு?" என்று கேட்க இருபத்தாறு வயதுப் பிள்ளைக்கு யார் அனுமதி கொடுத்தார்கள்?

வேறொரு யூனிட்டில் சீஃப் ஒருவர் முதல் கேஸிலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "சிஸ்டர், நீங்க படிங்க. நீங்க முடிச்ச பிறகுதான் எனக்குக் கத்தி கொடுக்கணும்." அந்த யூனிட்டில் பட்டியல் இன்றும் நடப்பதாகக் கேள்விப்பட்டேன். பயிற்சி வகுப்பு எதுவும் நடக்கவில்லை. அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான்.

தவறை வெளியே சொல்லச் சொன்னால் யாரும் சொல்வதில்லையே?

சொன்னவருக்கு மெமோ வந்திருக்கும். அல்லது சொன்ன ஒருவருக்கு எப்போதோ வந்ததை எல்லாரும் கேட்டிருப்பார்கள். ஒரு மெமோவின் கதை பத்து வருடம் வார்டில் சுற்றும்.

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் மருந்துப் பிழைகளை ஆராய்ந்தபோது, நல்ல குழுக்கள்தான் அதிகப் பிழைகளைக் காட்டின. முதலில் குழம்பிப்போனார். பின்னர்தான் விளங்கியது, அவர்கள் அதிகம் தவறு செய்யவில்லை, பயமில்லாமல் சொன்னார்கள். நிர்வாகத்துக்கு இதில் ஒரு பாடம் உண்டு: பிழைப் பதிவேட்டில் "இல்லை" என்று மாதக்கணக்கில் எழுதியிருக்கும் வார்டைப் பாராட்டாதீர்கள். அங்கேதான் போய் உட்கார வேண்டும்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ரத்தக்குழாய்க்குள் செருகும் டியூப் வழியாக வரும் தொற்றைக் குறைத்த முயற்சியும் இப்படித்தான். படிகள் ஐந்தே ஐந்து, கை கழுவுவதும் அதில் ஒன்று. அவசரம் இல்லாத நேரத்தில் டாக்டர் ஒரு படியைத் தாண்டினால் நர்ஸ் நிறுத்தலாம் என்றும், நிர்வாகம் நர்ஸின் பக்கம் நிற்கும் என்றும் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். தொற்று 18 மாதத்தில் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது.

அப்படியானால் அரசு மருத்துவமனையில் எந்த மாற்றமும் நிலைக்காதா?

நிலைத்ததைப் பார்த்தவள் நான், அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் உருவாகி, அடுத்த வருடம் மருந்து வழங்கத் தொடங்கியது. மருந்தை மொத்தமாக, பொதுப் பெயரில் வாங்குவது, ஆய்வகத்தில் சோதிப்பது, மாவட்டக் கிடங்கிலிருந்து கொடுப்பது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ் புக். வருடத்துக்கு இவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுக்கலாம், எடுத்தது போக மீதி இவ்வளவு. பிற மாநிலங்கள் வந்து பார்த்துப் பின்பற்றிய ஏற்பாடு இது. கணினியையும் கிடங்கையும் எல்லாரும் புகழ்வார்கள். என்னைக் கேட்டால் அந்தப் பாஸ் புக்கைத்தான் சொல்வேன். வங்கிப் புத்தகம் போல இருந்ததை மருந்தாளுநர் யாருக்கும் யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. கையெழுத்தையும் கணக்கையும் நம்புகிற ஒரு பண்பாட்டுக்கு, அந்த நம்பிக்கையின் வடிவத்திலேயே புதியதைக் கொடுத்தார்கள்.

இன்னொன்று விபத்துப் பிரிவு. காயம்பட்டவருக்கு முதலில் சிகிச்சை, போலீஸ் நடைமுறை பிறகு என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் சொல்லிவிட்டது. சட்டம் வந்துவிட்டது, பழக்கம் வரவில்லை. ஏ.ஆர். எண்ட்ரி (விபத்துப் பதிவேட்டில் பதிவு) போட்டாச்சா, யாரோடு வந்தார் என்ற கேள்விகள் ஸ்ட்ரெச்சருக்கு முன்னால் நின்றன. தமிழ்நாடு விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டம் வந்து, நிலைமையின் தீவிரத்துக்கேற்பச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று இடத்தையே பிரித்த பிறகுதான் கண்ணெதிரே மாறியது. 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டம் முதல் 48 மணி நேரச் செலவை அரசே ஏற்கும் என்றதும் இன்னொரு தயக்கம் குறைந்தது. சிவப்புப் பகுதிக்குள் வந்த ஸ்ட்ரெச்சரை நிறுத்திக் கேள்வி கேட்க யாருக்கும் இப்போது மனம் வராது, அந்தத் தரையின் நிறமே கேட்க விடாது.

கூடவே ஒன்று. வந்தவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது நம் அரசு மருத்துவமனைகளின் பழைய பிடிப்பு. கட்டில் இல்லையென்றால் தரையில் பாய் போட்டாவது சேர்த்துக்கொள்வோம். 2015 வெள்ளத்திலும் 2020 கொரோனாவிலும் இந்த ஊரைத் தாங்கியது அந்தப் பிடிப்பு. அதன் மேல் ஏறி வரும் மாற்றம் சீக்கிரம் வேரூன்றும்.

புதுக் கட்டடம் கட்டினால் பண்பாடும் புதிதாகுமா?

தானாக ஆகாது. சட்டமன்றத்துக்குக் கட்டிய கட்டடம் 2014-இல் ஓமந்தூரார் மருத்துவமனையானது; கிண்டியில் 1000 படுக்கைகளோடு 2023-இல் புதிது திறந்தது. இப்படிப்பட்ட இடங்களுக்கு ஆட்கள் மாற்றலில்தான் வருகிறார்கள், வழக்கத்தைப் பெட்டியோடு கொண்டுவருகிறார்கள். ஆனால் முதல் சில மாதம் எல்லாருக்குமே அது புது இடம். ஓவர் கொடுப்பது (டியூட்டி மாறும்போது வார்டை ஒப்படைப்பது) எப்படி, பதிவேடு எத்தனை என்று அப்போது முடிவு செய்யாவிட்டால், யாரோ ஒருவருடைய பழைய வார்டு அங்கே குடியேறிவிடும்.

ஒப்பந்த ஊழியர்களை இதில் எங்கே வைப்பது?

நடுவில். நாம்தான் வெளியே வைத்திருக்கிறோம்.

மருத்துவக் கழிவை மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று பிரிக்க வேண்டும் என்பது 2016 விதி. வகுப்பு நர்ஸுகளுக்கு நடக்கும், சான்றிதழும் கிடைக்கும். பையைக் கட்டித் தூக்கிக்கொண்டு போவது ஒப்பந்தத்தில் வந்த அக்கா. அவருக்கு வகுப்பு இல்லை. இருந்தாலும் மூன்று மாதத்தில் வேறு ஆள் வந்துவிடுவார். ஒரு முறை ஓர் அக்கா என்னிடம் சொன்னார்: "சிஸ்டர், மஞ்சப் பை தீர்ந்து நாலு நாளாச்சு, எல்லாத்தையும் செவப்புலதான் போடுறாங்க. நான் சொன்னா யாரு கேப்பா?" நான்கு நாளாக எங்கள் அறிக்கையில் பிரிப்பு நூறு சதவீதம். அன்றிலிருந்து காலை ஓவரில் அவரையும் நிற்க வைத்தோம். முதலில் கேட்பது அவரிடம்தான், பை இருக்கா?

சங்கங்கள் தடையா?

முன்னாலேயே கூப்பிட்டுப் பேசினால் பெரும்பாலும் இல்லை. சுற்றறிக்கையைப் பார்த்துத்தான் அவர்களுக்கே தெரியும் என்றால், ஆமாம்.

மாற்ற நிர்வாகத்துக்கான பாடப்புத்தக மாதிரிகள் உதவுமா?

ஓரளவுக்கு. குர்ட் லெவின் என்ற உளவியலாளர் 1947-இல் சொன்ன மூன்று படிகள் எளிது: உறைந்ததை உருக்கு, மாற்று, மறுபடி உறைய வை. நம்மிடம் மூன்றாவது படி வருவதற்குள் தலைமைக்கு மாற்றல் ஆகிவிடும். புதியவர் புதிய திட்டத்தோடு வருவார். "இதுவும் போயிடும்" என்று ஊழியர்கள் சொல்வதில் அலட்சியம் இல்லை, பல தலைமைகளைப் பார்த்த அனுபவம் பேசுகிறது. அதனால் மாற்றத்தை டீன் பெயரோடு ஒட்டாதீர்கள். வார்டு சிஸ்டர், மூத்த லேப் டெக்னீஷியன், ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் என்று அங்கேயே இருக்கப்போகிறவர்கள் கையில் கொடுங்கள்.

முதலில் அவசர உணர்வை உண்டாக்கு என்று ஜான் காட்டர் என்ற மேலாண்மை அறிஞர் சொல்வது ஒரு கம்பெனிக்குச் சரி. நாள் முழுவதும் அவசரத்தில் ஓடுகிறவர்களிடம் போய் அவசரம் என்று சொன்னால் காதில் விழாது. அவர்களுக்கு வேண்டியது மூச்சு விட ஓர் அரை மணி நேரம்.

நோயாளிகளும் உடன் வருபவர்களும் ஒத்துழைப்பார்களா?

நியாயம் தெரிந்தால் ஒத்துழைப்பார்கள். விடியற்காலையே வந்து ஓ.பி. சீட்டுக்கு நிற்பவருக்கு வரிசைதான் நியாயம். பின்னால் வந்தவரை முன்னால் அனுப்பினால் சிபாரிசு என்றுதான் நினைப்பார், அவர் பட்ட அனுபவம் அப்படி. பச்சைப் பகுதியில் காத்திருப்பவர்களிடம் "உள்ளே ஒருத்தருக்கு மூச்சே நின்னுடுச்சுய்யா, அவரைப் பார்த்துட்டு உங்களைத்தான் பார்ப்பாங்க" என்று சொல்ல ஓர் ஆள் நிற்க வேண்டும். பலகை போதாது.

நான் சாதாரண ஸ்டாஃப் நர்ஸ். என் கையில் என்ன இருக்கிறது?

நான் உங்கள் இடத்தில் இருந்தபோது செய்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் வார்டு மருந்து டிராயரில் பொட்டாசியம் குளோரைடு ஆம்பூல்களும் மற்ற ஆம்பூல்களும் ஒன்றாகக் கிடந்தன. நீர்க்காமல் நரம்பில் நேராக ஏற்றினால் இதயம் நின்றுவிடும் மருந்து அது. ஓர் இரவு, இரண்டு மணி இருக்கும், நான் வேறொன்று என்று நினைத்து அதைக் கையில் எடுத்துவிட்டேன். உடைப்பதற்கு முன் விளக்குக்கு நேராகப் பிடித்துப் படித்ததால் தப்பித்தது. கை நடுங்கியது. காலையில் ஓவரில் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து, சொன்னேன். இன்சார்ஜ் சிஸ்டர் திட்டவில்லை. "நானும் ஒரு தடவை எடுத்திருக்கேன்" என்றார்.

அந்த ஆம்பூல்களை மட்டும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, சுற்றிச் சிவப்பு டேப் ஒட்டி, மேல் தட்டில் வைத்தோம். எந்த அரசாணையும் இல்லை. இரண்டு மாதம் கழித்துப் பக்கத்து வார்டு சிஸ்டர் வந்து நின்று, "அந்த டேப் எங்கே வாங்கினீங்க?" என்று கேட்டார். பாரிமுனையில் வாங்கியது. மீதி ரோலை அவரிடமே கொடுத்துவிட்டேன்.